விரல் போன பிறகு நீட்டப்படும் முத்திரைத்தாள்

கேள்வி சுருக்கமாக இது. கோவையில் ஆறு பேர் வேலை செய்யும், உலோகத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் பட்டறையில், 27 வயது அண்ணனுக்கு 2025 அக்டோபரில் வலது கைக் கட்டைவிரல் முழுவதும் துண்டாகிவிட்டது. நாள் கூலி 600 ரூபாய், மாதம் 26 நாள் வேலை. மருத்துவமனைச் செலவை முதலாளி கட்டினார். இப்போது 50,000 ரூபாய் தருவதாகவும், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்கிறார். நவம்பரில் புதுச் சட்டம் வந்துவிட்டது, பழைய சட்டம் செத்துப்போய்விட்டது, இனி எங்கே போனாலும் ஒன்றும் கிடைக்காது என்று முதலாளியின் ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போடலாமா என்று தம்பி கேட்கிறார்.

போட வேண்டாம். தொழிலாளர் வழக்குகளிலேயே என் தொழில் வாழ்க்கை கழிந்திருக்கிறது. இப்படிப்பட்ட முத்திரைத்தாள்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். விரல் போனதைவிட, அந்தத் தாளில் போட்ட கையெழுத்துதான் அந்தக் குடும்பத்தின் பெரிய இழப்பாக முடிந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆடிட்டர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி உண்மை. 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டம் உள்ளிட்ட ஒன்பது சட்டங்களை ஒன்றாக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020இலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஐந்தாண்டு காத்திருப்புக்குப் பிறகு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் இழப்பீட்டு வழக்கில் எந்தச் சட்டம் என்பதை விபத்து நடந்த நாளே தீர்மானிக்கிறது. மனுப் போடும் நாளோ, தீர்ப்பு வரும் நாளோ அதை மாற்றாது. 2010இல் சம்பள உச்சவரம்பு தொடர்பாக வந்த திருத்தம் அதற்கு முன்பு நடந்த விபத்துக்குப் பொருந்துமா என்ற வழக்கில், 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: விபத்து நாளன்று இருந்த சட்டமே அளவுகோல். அந்த வழக்கில் இந்த விதி தொழிலாளியின் குடும்பத்துக்குப் பாதகமாக முடிந்தது. உங்கள் அண்ணனுக்கு அதே விதி துணையாக நிற்கிறது. அக்டோபரில் போன விரலுக்கு அக்டோபரில் உயிரோடு இருந்த 1923ஆம் ஆண்டுச் சட்டமே கணக்கு. அதன்படி பிறந்த உரிமையைப் புதிய சட்டம் துடைத்துப்போட்டுவிடவில்லை.

அடுத்து, ஆறு பேர் என்ற எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வந்துவிடுவார்கள். அங்கே வழி வேறு. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு, வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கு அதன் அளவுக்கேற்ப வாழ்நாள் முழுவதும் மாதத் தொகை உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது கிடைக்கும். முதலாளி சந்தாவே கட்டாமல் விட்டிருந்தாலும் தொழிலாளியின் உரிமை போகாது. இ.எஸ்.ஐ. கழகம் அவருக்குக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். ஒரே கூரையின் கீழ் ஒரே முதலாளி தன் பெயரில் ஒரு பட்டறை, மனைவி பெயரில் இன்னொரு பட்டறை என்று இரண்டு பலகை மாட்டி, ஆறும் ஐந்துமாகப் பிரித்துக் காட்டுவது நம் ஊரில் புதிதல்ல. அப்படி இருந்தால் முதலில் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். இ.எஸ்.ஐ.யில் வருபவர் அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளியிடம் கேட்க முடியாது. ஆகவே எந்தக் கதவு என்பது முதலிலேயே தெளிவாக வேண்டும்.

உண்மையிலேயே ஆறு பேர்தான் என்றால், இழப்பீட்டுச் சட்டம். அது என்ன தரும் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். இந்தக் கணக்கைத் தொழிலாளிகளிடம் யாரும் சொல்வதில்லை.

2020 ஜனவரி 3 முதல், கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். உங்கள் அண்ணனுக்கு 26 நாளுக்கு 15,600 வருகிறது. எனவே 15,000 என்று வைத்துக்கொள்ளப்படும். அதில் 60 விழுக்காடு 9,000. சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு காரணி உண்டு. 27 வயது நிறைந்தவருக்கு 213.57. இரண்டையும் பெருக்கினால் 19,22,130 ரூபாய். இது முழு ஊனத்துக்கான தொகை. கட்டைவிரல் இழப்புக்குச் சட்டமே 30 விழுக்காடு என்று எழுதி வைத்திருக்கிறது. அப்படியானால் 5,76,639 ரூபாய். முதலாளி நீட்டும் 50,000 அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த 30 விழுக்காடு சட்டம் உறுதியாகத் தருவது. அதற்கு மேலும் கேட்க இடமிருக்கிறது. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கைத் தீர்த்தது. அவருடைய இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அட்டவணையைப் பார்த்தால் அது பகுதி ஊனம். ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இவரைப் பொறுத்தவரை இழப்பு முழுமையானது என்று, இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையர் 100 விழுக்காடு கொடுத்தார். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உடலில் எவ்வளவு போனது என்பதைவிட, பிழைப்பில் எவ்வளவு போனது என்பதே இந்தச் சட்டத்தின் கேள்வி. மருத்துவர்கள் தரும் ஊனச் சான்றிதழில் இருக்கும் விழுக்காடும், சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல. வலது கைக் கட்டைவிரல் இல்லாமல் பிரஸ்ஸில் தகடு பிடிக்க முடியுமா, அண்ணன் வேறு எந்த வேலை கற்றவர் என்பதையெல்லாம் மனுவில் எழுதுங்கள். மருத்துவரையும் அதற்கேற்பக் கருத்துச் சொல்லக் கேளுங்கள்.

காயம் ஆறும் வரை வேலைக்குப் போக முடியாத காலத்துக்கும் தனியாக உண்டு: அரை மாதத்துக்கு ஒரு முறை, மாதச் சம்பளத்தில் கால் பங்கு. உங்கள் கணக்கில் 3,750 ரூபாய். வேலைக்குப் போக முடியாத நிலை 28 நாளோ அதற்கு மேலோ நீடித்தால் முதல் நாளிலிருந்தே சேரும். இப்படிக் கொடுத்த தொகையை இறுதி இழப்பீட்டில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு.

மருத்துவச் செலவு விஷயம் வேறு. "ஆஸ்பத்திரிக்கு நான்தானே கட்டினேன், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் முதலாளிகள் வழக்கமாகச் சொல்வது. கழிக்க முடியாது. சிகிச்சைக்காகக் கொடுத்த பணம் இழப்பீடாகக் கருதப்படாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 2010 முதல், வேலையில் பட்ட காயத்துக்கான உண்மையான மருத்துவச் செலவை முதலாளி தர வேண்டும் என்பது தனிப் பொறுப்பு. அவர் கட்டியது தன் கடமையை. அதற்கு நன்றி சொல்லலாம், கழிவு கொடுக்கத் தேவையில்லை.

இனி அந்த முத்திரைத்தாள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு தொகைக்குச் சமாதானமாகப் போவதென்றால், அந்த உடன்பாட்டை ஆணையரிடம் கொண்டுபோய்ப் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றோ, நெருக்கடி கொடுத்து வாங்கியது என்றோ தோன்றினால் பதிவு செய்ய அவர் மறுக்கலாம். பதிவு செய்யாமல் விட்டால் முழுத் தொகைக்கும் முதலாளியே பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும், ஆணையர் வேறு உத்தரவு போட்டாலன்றி, அவருக்கு உரிமை இல்லை. ஆக, முதலாளியின் நன்மைக்காகப் பார்த்தாலும் அந்தத் தாள் அவரைக் காப்பாற்றாது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அது வேலை செய்கிறது என்றால், கையெழுத்துப் போட்டவர் "எழுதிக் கொடுத்துவிட்டேனே" என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவதால்தான். ஏற்கெனவே போட்டுவிட்ட யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் சொல்கிறேன்: விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் இருந்தால் இப்போதும் ஆணையரிடம் போகலாம்.

உயிரிழப்பு என்றால் சட்டம் இன்னும் கண்டிப்பானது. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளுக்குப் பிறகு இதைப் பலமுறை பார்க்கிறோம். அரசு அறிவிக்கும் நிவாரண நிதி ஒன்று, ஆலைத் தரப்பு வீட்டில் வந்து கொடுக்கும் தொகை ஒன்று. அத்தோடு முடிந்தது என்று குடும்பம் நினைத்துக்கொள்கிறது. அரசு நிவாரணம் முதலாளியின் கடனை அடைக்காது. மரண இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். நேரில் கொடுத்தது, மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, கொடுத்ததாகவே கணக்கில் வராது. கையில் பணம் வந்த வேகத்தில் உறவினர்கள் பிடுங்கிக்கொள்ளாமல், மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பங்கு சேர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தொகை எவ்வளவு? 30 வயதுக்காரர், மாதம் 15,000 அல்லது அதற்கு மேல் சம்பளம் என்றால், 7,500ஐ 207.98ஆல் பெருக்க வேண்டும்: 15,59,850 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு தனி. இந்த எண்ணை அந்தப் பகுதியின் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

முதலாளி என்ன எதிர்வாதம் வைப்பார்? "கவனக்குறைவாக இருந்தான்" என்பார். அது எதிர்வாதமே அல்ல. இந்தச் சட்டத்தில் யார் தவறு என்ற கேள்விக்கு இடமில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் வந்ததா என்பது மட்டுமே கேள்வி. "பாதுகாப்புக் கவசத்தை அவனே கழற்றிவிட்டான்" என்பார். தொழிலாளி வேண்டுமென்றே கழற்றியதை நிரூபித்தால் அது எடுபடும். அதுவும் மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடாது. ஆனால் பிரஸ் பட்டறைகளை உள்ளே சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு கைகளாலும் அழுத்தினால் மட்டுமே இயங்கும் பொத்தான் இருந்த இயந்திரத்தில், ஒரு நாளைக்கு இன்னும் சில நூறு உருப்படி எடுப்பதற்காக அதைத் துண்டித்துவிட்டு மிதிக்கட்டை மாட்டியது யார்? தொழிலாளி இல்லை. இயந்திரத்தின் புகைப்படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். விபத்துக்கு மறுவாரம் கவசம் திரும்ப மாட்டப்பட்டிருக்கும்.

சாட்சியம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மருத்துவமனையில் சேர்த்தபோது பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பெண் தொழிலாளியின் வழக்கில், "வீட்டில் கிரைண்டரில் கை மாட்டிக்கொண்டது" என்று எழுதப்பட்டிருந்தது. அழைத்துவந்த மேற்பார்வையாளர் அப்படிச் சொல்லியிருக்கிறார், அந்த அம்மா மயக்கத்தில் இருந்தார். அந்த ஒரு வரியை உடைக்க நான்கு ஆண்டு ஆனது. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், வெளியேறும்போது தந்த சுருக்கம், காவல் நிலைய ரசீது எல்லாவற்றையும் இப்போதே வாங்குங்கள். சம்பளச் சீட்டு இல்லையென்றால், வங்கிக் கணக்கிலோ கைபேசி வழியாகவோ வந்த வாரக்கூலி வரவுகள், முதலாளியுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகள், கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் உதவும். மருத்துவமனைக்கு முதலாளியே பணம் கட்டிய ரசீது மிக நல்ல சாட்சி. வேலையே செய்யாத ஒருவருக்கு யாரும் பணம் கட்ட மாட்டார்கள்.

மனுவை இழப்பீட்டு ஆணையரிடம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் துணை ஆணையர், இணை ஆணையர் நிலையில் உள்ள அதிகாரிகள் இந்தப் பொறுப்பில் இருந்து வந்திருக்கிறார்கள். விபத்து நடந்த இடத்தில்தான் என்றில்லை, மனுதாரர் வசிக்கும் இடத்திலும் போடலாம். திருப்பூரில் அடிபட்டு ஒடிசாவுக்கோ பீகாருக்கோ திரும்பிப் போய்விட்ட தொழிலாளிக்கு இது பெரிய வரம். நம் முதலாளிகள் "ஊருக்குப் போய்விட்டான், இனி வரமாட்டான்" என்று நிம்மதி அடைவதற்குச் சட்டத்தில் இடமில்லை. கால வரம்பு விபத்திலிருந்து இரண்டு ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். ஆலைத் தொழிலாளர்களும் மாற்றுத்திறனாளிகளும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள்.

இனி முதலாளிகளுக்கு. சிறு பட்டறை நடத்துபவர்களின் நிலைமையும் எனக்குத் தெரியும். ஜாப் ஆர்டர் பணம் மூன்று மாதம் தள்ளி வரும் தொழிலில் ஐந்தே முக்கால் லட்சம் என்பது ஒரு இயந்திரத்தின் விலை. ஆனால் தள்ளிப்போடுவதுதான் இதில் ஆக விலை கூடிய வழி. இழப்பீடு தீர்ப்பு வந்த நாளில் பிறப்பதில்லை, விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது. அந்தத் தச்சர் வழக்கில் சொன்னதை 2012இலும் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. மேலே போட்ட கணக்கில் ஆண்டுக்கு 69,000 ரூபாய்க்கு மேல். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் பாதித் தொகை வரை அபராதம் தனி. மேல்முறையீடு செய்ய வேண்டுமென்றால் முழுத் தொகையையும் முதலில் கட்டியாக வேண்டும். எவ்வளவு என்பதில் சண்டை இருந்தால், நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையை உடனே கட்டிவிட்டு மீதிக்கு வாதாடுங்கள். சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்து வையுங்கள். எடுக்கும்போது வட்டியையும் மருத்துவச் செலவையும் காப்பீட்டு நிறுவனம் ஏற்கிறதா என்று பத்திரத்தில் பாருங்கள். பல பத்திரங்கள் வட்டியை விலக்கிவிடுகின்றன. அபராதம் எப்படியும் உங்கள் தலையில்தான். ஆறு பேருக்கு வேலை கொடுத்துவிட்டு மூன்று பேரின் பெயரை மட்டும் காட்டிப் பிரீமியத்தைக் குறைத்தவர்களுக்கு நான்காவது ஆளுக்கு அடிபட்ட அன்று என்ன நடந்தது என்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் தொழிலில் வழக்கமாக நடக்கும் வேலைக்கு ஒப்பந்தக்காரர் வழியாக ஆள் எடுத்தாலும், உங்கள் வளாகத்தில் நடந்த விபத்துக்கு உங்களிடமே நேராகக் கேட்கலாம். நீங்கள் ஒப்பந்தக்காரரிடம் பிறகு வசூலிக்கலாம்.

2025 நவம்பர் 21க்குப் பிறகு நடக்கும் விபத்துகளில் என்ன வேறுபாடு? அடிப்படைக் கணக்கு முறை, அதாவது சம்பளத்தின் பங்கை வயதுக் காரணியால் பெருக்குவது, தொடர்கிறது. ஆணையர் என்ற பெயருக்குப் பதிலாகத் தகுதியுள்ள அதிகாரி என்கிறது புதிய சட்டத் தொகுப்பு. சம்பளத்தின் வரையறை மாறியிருக்கிறது. சம்பளக் கணக்கிலிருந்து விலக்கு பெற்ற படிகள் (அலவன்ஸ்) மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது சம்பளமாகவே கணக்கிடப்படும். அடிப்படைச் சம்பளத்தைச் சிறியதாகவும் படிகளைப் பெரியதாகவும் எழுதிவந்த நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளிக்கோ குடும்பத்தாருக்கோ அடிபட்டால் அதற்கும் இழப்பீடு உண்டு. வால்பாறை, நீலகிரி மக்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்து. நேரம், இடம், சூழல் இவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு காட்டினால் அது வேலையில் நடந்த விபத்தாகவே கருதப்படும் என்று தொகுப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. பழைய சட்டத்தில் இந்த வரி இல்லை. ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்துக்கும் இதே பொருளைக் கொடுத்தது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி 2003இல், அதிகாலை 3 மணிப் பணிக்கு மோட்டார் சைக்கிளில் போனவர், ஆலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் விபத்தில் இறந்தார். ஆணையர் கொடுத்த இழப்பீட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 22 ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு அதைத் திருப்பிக் கொடுத்தது. அதிகாலையில் ஷிப்டுக்குப் போகும் நம் நூற்பாலைத் தொழிலாளர்களுக்கு இந்தத் தீர்ப்பு நேராகப் பொருந்தும். பழைய விபத்து என்றாலும் நிலுவையில் உள்ள வழக்குகளில் இதைக் காட்டலாம்.

உணவு கொண்டுவரும் இளைஞர்கள், செயலி வழியாக வண்டி ஓட்டுபவர்கள் பற்றியும் ஒரு வரி. தொகுப்பு அவர்களைப் பெயர் சொல்லி அங்கீகரிக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை, அந்தத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையின் 5 விழுக்காட்டுக்கு மிகாமல், நிதிக்குச் செலுத்த வேண்டும். ஆனால் அவர்களைப் பணியாளர் என்று சொல்லவில்லை. ஆகவே நான் மேலே எழுதிய இழப்பீட்டு உரிமை அவர்களுக்கு இல்லை, திட்டங்கள் வழியாக வரும் உதவி மட்டுமே. மழையில் சறுக்கி விழுந்து கால் உடையும் அந்தப் பிள்ளைகளுக்கு இது போதாது என்பது என் உறுதியான கருத்து.

திரும்ப உங்கள் அண்ணனிடம் வருகிறேன். முதலாளி நல்லவர், பகை வேண்டாம் என்று நினைத்தால், பகை இல்லாமலேயே முடிக்க வழி இருக்கிறது. மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் நேரில் கொடுங்கள். இருவருமாகத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், ஒப்புக்கொண்ட தொகையை உடன்பாடாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சொல்லுங்கள். ஒரு வாரம் பொறுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் பதிவுத் தபாலில் விபத்து அறிவிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு மனுவைப் போட்டுவிடுங்கள். அவர் நீட்டிய முத்திரைத்தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் அங்கேதான் வேலை செய்தார், அங்கேதான் அடிபட்டார் என்பதற்கு அதுவே சாட்சியாகும்.